நாவலும் நாளிதழும்: ‘இன்றைய சூழலோடு பொருத்தி ஆராய்க’ என்ற வினாவை எழுதுவது எப்படி?

எம்.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்த வினா நன்றாகவே பழக்கம். நாவல், தன்வரலாறு, தலித் இலக்கியம், ஒப்பிலக்கியம் என்று தாள் எதுவானாலும் ஏதாவது ஒரு கட்டுரை வினா “…இன்றைய சமூகச் சூழலோடு பொருத்தி ஆராய்க” என்று முடிந்திருக்கும். நம் பிள்ளைகளில் பலர் நான்கு பக்கம் கதைச் சுருக்கம் எழுதி, கடைசி வரியில் “இந்நிலை இன்றும் தொடர்கிறது” என்று முடித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். விடைத்தாள் திருத்துகிறவர் ஒரு கட்டு முடிப்பதற்குள் அதே வரியை எத்தனை தடவை படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வரிக்கு மார்க் விழாது. எது தொடர்கிறது, எது நின்றுபோனது, எது வேறு வேஷத்தில் வந்திருக்கிறது என்ற மூன்றையும் அது ஒரே போர்வையில் மூடிவிடுகிறதே!

நான் சித்தூர் அரசு கல்லூரியில் தமிழ் படித்தவள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பஸ் போர்டை மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள். தேர்வு நேரத்தில் எங்கள் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒடுக்குமுறைக்குள் வளரும் பிள்ளைகளைப் பற்றிய நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த வினா அங்கேதான் அதிகம் வருகிறது, அங்கேதான் அதிகம் சொதப்பப்படுகிறது.

முதலில் ஒரு நோட்டு. இடது பக்கம் நூல், வலது பக்கம் செய்தி. இடது பக்கத்தில் கதை எழுதாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு எந்த வழி அடைபட்டிருக்கிறது, அடைக்கிற கை யாருடையது, தப்பிக்க எந்த வழி திறந்திருப்பதாக நூல் நம்புகிறது என்று மட்டும் எழுதுங்கள். வலது பக்கத்தில் தேதி, ஊர், சட்டம் அல்லது தீர்ப்பு. இரண்டையும் எழுதிய பிறகு, அடியில் “எது மாறியிருக்கிறது?” என்று ஒரு வரி. கட்டுரையின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது.

பாமாவின் ‘கருக்கு’ நூலை வைத்துச் சொல்கிறேன். இந்தத் தன்வரலாறு 1992இல் வந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டும் காட்சி ஒன்று அதில் உண்டு. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தெருவில் தன் சாதிப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அவர் கை பட்டால் மேல்சாதிக்காரருக்குத் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று அண்ணன் விளக்குகிறார். சிரிப்பு கோபமாக மாறுகிறது. நம் பிள்ளைகள் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு “தீண்டாமைக் கொடுமை” என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். காட்சியின் மறுபாதி அப்புறம்தான் வருகிறது. நன்றாகப் படி, முதலாவதாக வா, அப்போது மற்றவர்கள் தாங்களாகவே உன்னிடம் வருவார்கள் என்று அந்த அண்ணன் சொல்கிறார். தங்கையும் அப்படியே படிக்கிறாள். ஆக, நூல் திறந்து காட்டும் வழி படிப்பு. இடது பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வலது பக்கம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரைப் பள்ளித் தோழர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் பள்ளியில் சொன்னதுதான் அதற்கு முன்பு நடந்தது. தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் நிறக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டிவரத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல் ஆகியவை அதன் பரிந்துரைகளில் முக்கியமானவை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் படிப்பு விடுதலை தரும் என்று அண்ணன் சொன்னாரோ, அந்தப் படிப்பு நடக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே அரிவாள் கிளம்பி வந்திருக்கிறது. “தொடர்கிறது” என்ற சொல்லுக்குள் இது அடங்குமா? 1992இல் எழுதப்பட்ட நம்பிக்கையை 2023 குறுக்கே மறிக்கிறது. இன்னும் ஒன்று உண்டு. அந்த மாணவர் உடல் தேறி, அடுத்த மே மாதம் வந்த பிளஸ் டூ முடிவில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அண்ணன் சொன்னது பொய்த்தது என்று எழுதலாம், மெய்த்தது என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதுங்கள். தேர்வுத்தாளில் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், என் மனதுக்கு இது பெரிது. வெட்டியவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015இன் கீழ் வருகிறவர்கள். ‘தடம் மாறிய இளைஞர்’ என்று வினாவில் இருந்தால் அடிபட்ட பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுவது பாதி விடைதான். பதினேழு வயதுப் பையன் கையில் அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டது யார்? வீடா, ஊர்த் திருவிழாவா, பெரியவர்கள் நடத்தும் சங்கமா? இந்தக் கேள்வியை ஒரு பத்தியாவது தொட்டுவிட்டால் விடையின் தரமே உயர்ந்துவிடும். அடித்தவனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். அவன் எப்படி உருவானான் என்று கேட்காமல் அடுத்தவன் உருவாவதைத் தடுக்க முடியாது.

அடுத்து, கேரளத் தமிழர் யாரும் விட்டுவிடக் கூடாத நாவல், தகழியின் தோட்டியின் மகன். மலையாளத்தில் 1947இல் வந்தது, தமிழாக்கம் சுந்தர ராமசாமி. ஆலப்புழையில் மலம் அள்ளப் போன தமிழர்களின் கதை. இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, அவன் மகன் மோகன் என்று மூன்று தலைமுறை. தன் பிள்ளை தோட்டியாகக் கூடாது என்ற ஒரே வெறியில் சுடலைமுத்து வாழ்கிறான். பிள்ளைக்கு மோகன் என்று பெயர் வைப்பதே ஊர்க் கண்ணில் அகங்காரமாகப் படுகிறது. அந்தப் பிள்ளைக்காகவே அவன் சொந்தக் கூட்டாளிகளின் சங்கத்துக்குத் துரோகமும் செய்கிறான். கடைசியில் மோகனும் அதே வேலைக்குத்தான் வருகிறான். தகப்பனின் பாசம் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஒடுக்கப்பட்டவர்களைக் குறையே இல்லாதவர்களாகக் காட்டினால் அது அவர்களை மனிதர்களாகப் பார்ப்பது ஆகாது. அந்த மரியாதையைத் தகழி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார், நாமும் கொடுக்க வேண்டும்.

இதற்கு வலது பக்கத்தில் பலர் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதுவார்கள். கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்து, அவர்களின் மறுவாழ்வுக்கும் வழிசெய்யும் சட்டம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியதையும் சேர்ப்பார்கள். சரிதான். ஆனால் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில், ரயில் பாதைக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் (தோடு என்றால் கால்வாய்) குப்பை அள்ள இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின.

இதை எப்படிப் பொருத்துவது? பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய பத்தியை அப்படியே தருகிறேன்:

“தகழியின் நாவலில் தொழிலாளி யாரிடம் வேலை செய்கிறான் என்பதில் ஐயமில்லை. நகராட்சியும் அதன் ஓவர்சீயரும் கண்ணெதிரே நிற்கின்றனர். ஆகவே சங்கம் அமைத்து எதிர்க்கவும் ஓர் இலக்கு இருக்கிறது. 2024இன் தொழிலாளிக்கு அந்த இலக்கே தெளிவாக இல்லை. தோடு ஒருவருடையது, குப்பை ஊராருடையது, அவரை அமர்த்தியவர் ஒப்பந்ததாரர். வாளியும் சாதிவழித் தொழில் என்ற கட்டும் சட்டத்தின் முன் நீங்கியுள்ளன. பாதுகாப்புக் கருவியின்றி அழுக்குக்குள் இறங்க ஏழை ஒருவன் கிடைப்பான் என்ற சமூகத்தின் உறுதி நீங்கவில்லை.”

இவ்வளவு போதும். இதில் கதைச் சுருக்கமே கிடையாது. நாவலைப் படித்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்பதும் தெரிகிறது.

பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில், தகப்பன் வாங்கிய கடனுக்காகப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையன் கூளையனும் அவன் கூட்டாளிகளும்தான் கதை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 என்று வலது பக்கத்தில் எழுதலாம். ஆனால் இந்த நாவலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கிணற்றில் குதிக்கிறார்கள், மேய்ச்சல் காட்டில் சிரிக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட்டு வெறும் துன்பப் பட்டியல் போட்டால், நாவலைப் படிக்காமல் நோட்ஸ் மட்டும் படித்த விடை அது என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

செய்தியை எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடியதாகச் சொல்லிப் பழங்குடி இளைஞர் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. இங்கே “தீர்ப்பளித்தது” என்று எழுதலாம். முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பைப் பற்றி 2017இல் வந்த செய்தி வேறு வகை. டீக்கடையில் தனி கிளாஸ், தண்ணீர்க் குழாயில் பாகுபாடு என்று சக்கிலியர் குடும்பங்கள் குற்றம் சாட்டின, மறுத்தவர்களும் இருந்தார்கள். அங்கே “குற்றம் சாட்டினர்” என்றுதான் எழுத வேண்டும். வருஷம் உறுதியாக நினைவில்லை என்றால் வருஷத்தை விட்டுவிட்டு ஊரை மட்டும் எழுதுங்கள். தவறான வருஷம் நல்ல பத்தியையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய வசதி, இரண்டு மொழிப் பத்திரிகையும் படிக்க முடிவது. வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்குப் போனால் மலையாளப் பத்திரிகைகள் இருக்கும். கோயம்புத்தூர்ப் பதிப்புத் தமிழ் நாளிதழ் டீக்கடையிலேயே கிடைக்கும். ஒரே சம்பவத்தை இரண்டிலும் படியுங்கள். நாங்குநேரி மலையாளப் பத்திரிகையில் எத்தனை வரி வந்தது, அட்டப்பாடி தமிழில் எத்தனை வரி வந்தது என்று பார்த்தாலே ஒரு கட்டுரைக்குப் பொருள் கிடைத்துவிடும். சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் இந்த நோட்டை வைத்துக்கொள்ளலாம். கட்டுரைத் தாளில் தலா 125 மதிப்பெண்ணுக்கு இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் ஆயிரம் வார்த்தைக்குக் குறையாமல். இலக்கிய உதாரணம் அளவாக வந்தால் அங்கேயும் எடுபடும்.

எங்களிடம் படிக்க வந்த தங்கை ஒருத்தி கேட்டதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். முதலமடைப் பக்கத்துப் பெண். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அக்கா, எங்க தெருவப் பத்தித்தான் பேப்பர்ல வந்துச்சு. நான் அத எழுதணுமா?”

“எழுதணும்னு ஒண்ணும் இல்லம்மா. உனக்கு வேணும்னா எழுது.”

“எழுதுனா வைவால டீச்சர் என்னையவே பாப்பாங்களே.”

“பாத்தா, பத்திரிகைல இந்த மாசம் இப்படி வந்துச்சுன்னு சொல்லு, போதும். உன் வீட்டுக் கதையச் சொல்லச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.”

நம் வகுப்புகளில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் ‘சமகால உதாரணம்’ என்று எழுதுவது பக்கத்துப் பெஞ்சில் இருப்பவருக்கு வீட்டுச் செய்தியாக இருக்கலாம். சொந்த அனுபவத்தை எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதட்டும், அதைவிட வலுவான சான்று கிடையாது. விரும்பாதவர்கள் படர்க்கையில், தேதியோடு, செய்தியாக எழுதினால் ஒரு மார்க்கும் குறையாது. ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். கருத்தரங்கில் ஒரு பிள்ளையை எழுப்பி “உன் அனுபவத்தைச் சொல்” என்று கேட்பதற்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேர்வறையில் நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடையில் பாதிக்கு மேல் நூலுக்கு ஒதுக்குங்கள். செய்தி ஒன்று அல்லது இரண்டு போதும். ஐந்து சம்பவத்தை அடுக்கினால் எதிலும் ஆழம் இருக்காது. செய்தியைக் கடைசிப் பத்திக்குத் தள்ளாமல், நூலில் அந்த இடம் வரும்போதே பக்கத்தில் வையுங்கள். இன்னும் எதுவும் படிக்கவில்லை என்றால் கருக்கிலிருந்து தொடங்குங்கள். சின்னப் புத்தகம், ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். தோட்டியின் மகனை மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிலக்கியத் தாளுக்கும் அதுவே ஒரு விடையாகிவிடும்.