டிட்காட்டின் வயல்வழிப் பாதைகள்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் தெற்கே இருக்கும் டிட்காட்டுக்குக் குடிவரும் நம்மவர்கள் பள்ளிக்கூடத்தை விசாரிப்பார்கள், லண்டன் ரயிலை விசாரிப்பார்கள், ஹார்வெல் ஆய்வு வளாகத்துக்கு பஸ் உண்டா என்று கேட்பார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். ஆனால் இதை எனக்குச் சொந்த ஊர்போல ஆக்கியவை வயல்களுக்கு நடுவே போகும் நடைபாதைகள்.

1844ல் ரயில் நிலையம் திறந்தபோது இது சின்னக் கிராமம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 25,000 பேர், 2021ல் சுமார் 32,000. மேற்கே கிரேட் வெஸ்டர்ன் பார்க் என்ற பெயரில் சுமார் 3,300 வீடுகளுக்குத் திட்டமிட்டு, விளைநிலத்தின் மேல் ஒரு குடியிருப்பையே எழுப்பினார்கள். அதற்கு அடுத்திருக்கும் ஹார்வெல் கிராமம் ஒருகாலத்தில் செர்ரித் தோட்டங்களுக்குப் பேர்போனது. எங்கள் வீடும் அந்தப் புதுக் குடியிருப்பில்தான். அதனால் இந்த நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை எனக்குக் கூடுதலாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஈஸ்ட் ஹேக்போர்ன் கிராமத்துப் பக்கம் கூட்டிப்போனேன். கோதுமை முழங்கால் உயரம். பயிருக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத் தடம். அம்மா வேலியோரமே நின்றுவிட்டார். "அடுத்தவங்க வயலுக்குள்ள நடக்கறமே, சத்தம் போடமாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா. இது பொதுவழி. அவங்களே இதை விட்டுத்தான் ஆகணும்."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினேன். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். நிலம் தனியாருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை எல்லோருக்கும். குடியுரிமை, விசா எதுவும் இதற்குத் தேவையில்லை. வந்து இறங்கிய அன்றே நமக்கும் அந்த உரிமை கிடைத்துவிடுகிறது. இந்த நாட்டில் வேறு எதுவும் எனக்கு இவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை.

இது வெறும் வழக்கமாக நின்றுவிடவில்லை. 1949ல் வந்த சட்டம் உள்ளூர் நிர்வாகங்களை இப்பாதைகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. அந்த வரைபடத்தில் ஒரு பாதை இருந்தால் அதுவே சாட்சி. வயலின் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக முதல்முறை கலைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்பச் சீர்படுத்தித் தரவேண்டும். அக்டோபர் உழவுக்குப் பிறகு அந்தத் தடம் மறுபடி தெளிவதைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு ஆண்டும் சந்தோஷம். (அந்தக் களிமண்ணுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ஓடும் ஷூ ஒரு மழைக்குத் தாங்காது.)

என் கவலை வேறு. சட்டம் காப்பது பாதையை மட்டும்தான், அதைச் சுற்றியுள்ளதை அல்ல. வயலில் வீடு கட்ட அனுமதி கிடைத்தால் பாதையைச் சற்றுத் திருப்பிவிடலாம். திருப்பாவிட்டாலும் இருபுறமும் ஆளுயரப் பலகை வேலி, கீழே தார். உரிமை அப்படியே இருக்கும். தரையில் கூடுகட்டும் வானம்பாடி இருக்காது. ஏப்ரலில் ஹேக்போர்ன் வயல்களில் அது பாடிக்கொண்டே நேர்மேலே ஏறும். ஆளைக் காணமுடியாது, குரல் மட்டும் கொட்டும். என் மகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறாள். வீடுகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எங்களுக்கும் ஒன்று கிடைத்ததே. ஆனால் டிட்காட்டுக்கும் ஹேக்போர்னுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் அந்தச் சில வயல்கள் வயல்களாகவே இருக்கவேண்டும்.

கட்டுமானத்துக்காகப் பாதையைத் திருப்பும் ஆணைக்கு, திருப்பப்படும் பகுதியின் இரு முனைகளிலும் அறிவிப்பு ஒட்டவேண்டும். ஆட்சேபிக்கக் குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு. மழைக்கு பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். நம்மில் பலர் பார்க்காமலே கடந்துபோகிறோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், தமிழ்ப் பெயரில் போகும் கடிதத்துக்கும் அதே மதிப்புதான். அடுத்தமுறை அப்படி ஒரு தாளைப் பார்த்தால் படமெடுத்து அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கும் அனுப்புங்கள்.