எட்டாம் விதியின் ‘இ’

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்கு மூன்று மொழியிலும் விதிகள் உண்டு. தமிழ்ப் பிரதியைத் திருத்தித் தரும்படி நிருவாகக் குழு என்னிடம் கேட்டபோது, எழுத்துப்பிழை பார்க்கிற வேலை என்றுதான் நினைத்தேன். விதிகளுக்கு எண்ணிடுவதிலேயே நான்கு மாதம் போயிற்று.

ஒரு தொலைபேசி அழைப்பில்தான் விஷயம் புரிந்தது. விருந்தினர் வாகனம் இரவில் நிற்கக்கூடாது என்பது தமிழில் 8(இ). செயலாளர் அந்த இலக்கத்தை மூன்றாம் மாடி அங்கிளுக்குச் சொன்னார். அவர் தன் சிங்களப் பிரதியில் ‘இ’யைத் தேடிப் படித்தார். அங்கே வளர்ப்பு நாய்கள் பற்றிய விதி இருந்தது. “எங்களிடம் நாயே இல்லையே” என்று மனம் நொந்து போனார். பிழை யாருடையதும் அல்ல. சிங்கள அரிச்சுவடியில் அ, ஆவுக்குப் பிறகு தமிழில் இல்லாத இரண்டு உயிர்கள் வந்துவிடுகின்றன, ‘இ’ ஐந்தாவது. நமக்கு அது மூன்றாவது.

இலங்கைச் சட்டங்களின் பாணியிலேயே, 8(3)(இ) என்று, போகலாம் என்றார் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற சட்டத்தரணி. அந்த முறைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: ஒவ்வொரு படியும் வேறு உருவில் இருப்பதால் எந்த ஆழத்தில் நிற்கிறோம் என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் எழுத்து வந்தால் மூன்று மொழியும் பிரிந்துவிடும். 1987இன் 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் 154க்கும் 155க்கும் நடுவே ஆங்கிலப் பிரதியில் 154ஏ (A) முதல் 154ரி (T) வரை இருபது உறுப்புரைகளைச் சேர்த்தது. தமிழில் உயிரெழுத்தே பன்னிரண்டுதான். இதைக் காட்டியபோது அவர் சிறிது யோசித்துவிட்டு, “சரி, எண்ணே போடுவோம்” என்றார்.

ஆகவே 8.3.2 என்ற முறை. ஆவணப் பிரிவுகளுக்கு எண்ணிடுவதற்கென்றே ஐஎஸ்ஓ 2145 என்ற சர்வதேசத் தரமும் இருக்கிறது; அதன்படி எண்களுக்கு இடையில் புள்ளி, கடைசியில் புள்ளி இல்லை. இதிலும் ஒரு தொல்லை வந்தது. 4.10ஐப் பலர் ‘நாலு தசம் ஒன்று பூச்சியம்’ என்று வாசித்து, 4.1ஓடு குழப்பினார்கள். வாய்விட்டுச் சொல்லும்போது ‘நாலு, பத்து’ என்றே சொல்வது என்று முதற்பக்கத்தில் எழுதி வைத்தோம்.

மிகவும் வாதாடியது ஆழத்தைப் பற்றி. பழைய பிரதியில் ஐந்து படிகள் வரை இருந்தன. மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நாலாவது படி தேவைப்பட்ட இடங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே விதிக்குள் இரண்டு விதிகளைத் திணித்திருந்தோம். நீர்த்தொட்டி சுத்தம் செய்வதும் அதன் செலவைப் பங்கிடுவதும் ஒரே பந்தியில்! பிரித்ததும் படி குறைந்தது, வாசகமும் தெளிந்தது.

நீக்கிய விதியின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. ‘நீக்கப்பட்டது’ என்று அங்கேயே நிற்கும். புதிய விதி அந்தப் பகுதியின் கடைசியில் சேரும். இணைப்புகளை 51இலிருந்து தொடங்கினோம், இல்லாவிட்டால் இணைப்பு 2.1உம் விதி 2.1உம் மோதும்.

வேர்டில் எண்களைக் கையால் அடிப்பதை அடியோடு நிறுத்தினோம். தலைப்புப் பாணிகளோடு பலநிலைப் பட்டியலை இணைத்து, ‘பார்க்க 8.3’ போன்ற இடங்களையெல்லாம் குறுக்குக் குறிப்பாக மாற்றினேன். முழுவதையும் தெரிவுசெய்து எஃப்9 அழுத்தினால் அவை புதுப்பித்துக்கொள்ளும். அச்சுக்கு முன் அதை மறந்தால் பழைய எண்ணே அச்சாகிவிடும். முதல் அச்சுப் படியில் அப்படியே நடந்தது.

இப்போது பழைய எண், புதிய எண் என்று இரு நிரல் அட்டவணை ஒன்றைப் பின்னட்டையில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய கடிதங்களை வீடுகளில் இன்னும் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடி அங்கிளிடமும் 8(இ) என்று எழுதிய ஒன்று இருக்கிறது.