டேஷ்போர்டுக்கு நிழல் வேண்டுமா?

பத்து ஆண்டுகள் திறந்த வெளியில் நின்ற என் பழைய காரின் டேஷ்போர்டில், ஏசி காற்று வரும் துளையின் ஓரத்தில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசல், இரண்டே கோடைகளில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. அதனால், வெயிலிலிருந்து டேஷ்போர்டைக் காக்க வேண்டுமா என்று கேட்பவர்களிடம் கட்டாயம் வேண்டும் என்றே சொல்கிறேன்.

முன்கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வெப்பத்தை அது தடுப்பதில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018-இல் வெளிவந்த ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸையும், நிழலில் நின்றவற்றில் 48 டிகிரியையும் எட்டியது. இத்தகைய சூட்டில், பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் தேய்த்தால் வழுவழுப்பாக ஒட்டும் மங்கலான படலத்தில் பெரும்பங்கு அதுதான்.

நிழலில் நிறுத்துவதே முதல் வழி. இயலாதபோது, பளபளப்பான பக்கம் வெளியே பார்க்குமாறு முன்கண்ணாடியில் மடக்குத் திரை வையுங்கள். துணி விரிப்பும் பயன்படும். ஆனால் பயணி பக்கத்து ஏர்பேக் திறக்கும் மூடியை அது மறைக்கவே கூடாது, இதில் சமரசம் வேண்டாம். மினுமினுக்கும் பாலிஷ்களை நான் தவிர்க்கிறேன். அவற்றின் பிரதிபலிப்பு ஓட்டும்போது கண்ணைக் கூசச் செய்கிறது.