செவலையை வாங்கியதும் விற்றதும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர் வந்தால் எங்கள் வீட்டில் சாமி கும்பிடப் போகிறவர்கள் பாதி, குதிரை பார்க்கப் போகிறவர்கள் பாதி. நான் இரண்டாவது கட்சி. புதுப்பாளையத்தில் கோயிலைச் சுற்றி நடக்கிற சந்தை அது. ஒரு பக்கம் காங்கேயம் காளை, பர்கூர் மலை மாடு, எருமை, ஆடு. இன்னொரு பக்கம் வரிசையாகக் குதிரைகள். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று ஊரில் சின்னப் பையன்கூடச் சொல்வான். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது, நானும் மாமாவும் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை அங்கே வாங்கி, அடுத்த வருஷம் அதே இடத்தில் விற்ற கதை.

குதிரைச் சந்தை என்றதும் ஒருத்தர் மேடையேறி ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலம் கூவுவார் என நினைத்துக்கொண்டு சென்னையிலிருந்து என் நண்பன் ஒருத்தன் கேமராவோடு வந்தான். அவன் நினைத்த மாதிரி எதுவும் கிடையாது. கத்தல் எல்லாம் பலகாரக் கடையிலும் ராட்டினத்திலும்தான். விலை பேசுகிற இடத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து விற்கிறவர் கைமேல் போடுவார், அதற்கடியில் கையை விட்டு விரலைப் பிடிப்பார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது எதிரே நிற்கிற உருப்படியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விற்கிறவர் கையை உதறுவார், தரகர் சிரித்துக்கொண்டே மறுபடி பிடிப்பார், சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் என்ன விலை ஓடுகிறது என்று தெரியாது. ஏலம் என்றால் பக்கத்தில் நிற்கிறவன் கேட்கிறதைப் பார்த்தாவது ஒரு தோராயம் பிடிபடும். இங்கே உங்கள் ஆசையும் தரகர் விரலும் மட்டும்தான்.

பெரிய கூட்டம் எப்போதும் மார்வாரிக் குதிரையைச் சுற்றித்தான். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனி நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. குஜராத்துக் கத்தியவாரிக்கும் அதே மாதிரிக் காது. அப்புறம் நுக்ரா, மேலே வெள்ளை மயிர், தோல் மட்டும் ரோஸ் நிறம். மேளம் அடித்தால் கால் மாற்றி மாற்றி ஆடுகிற குதிரைகளைக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். இதெல்லாம் லட்சத்தில் பேசுகிற சரக்கு, நமக்கு வேடிக்கை. மாமாவுக்கு வேண்டியது ஒரு நாட்டுக் குதிரை, மட்டமான உயரம், தோட்டத்து வண்டியில் பூட்ட.

மாமா குதிரை பார்ப்பதைப் பார்க்கவே தனியாக டிக்கெட் போடலாம். முதலில் சுழி. மாட்டுக்குப் பார்க்கிற மாதிரியே குதிரைக்கும் நெற்றி, கழுத்து, கண்ணுக்குக் கீழே என்று ஒவ்வொரு சுழியாகத் தடவுவார். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் மார்வாரி வளர்க்கிற ராஜஸ்தானிலேயே தொட மாட்டார்களாம், கழுத்தில் நீளச் சுழி இருந்தால் அதிர்ஷ்டமாம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் சுழி சரியில்லாத குதிரையைத் திருப்பி விற்பது கஷ்டம் என்பது மட்டும் நிஜம், அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். ஒருத்தர் நாலு காலும் வெள்ளை, நெற்றியும் வெள்ளை, பஞ்சகல்யாணி என்று ஒன்றைக் காட்டினார். மாமா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து துண்டை நனைத்து, பின்னங்கால் ஒன்றை மட்டும் அழுத்தித் துடைத்தார். துண்டில் வெள்ளையாக வந்தது. விற்க வந்தவர் முகத்தைப் பார்க்காமல் அப்படியே நடந்துவிட்டோம்.

அப்புறம் பல். கீழ்வரிசை முன்பல் ஆறு. பால்பல் விழுந்து கடைசி ஜோடி முளைக்க நாலரை வயசு ஆகும், ஐந்தில் வாய் முழுசு. பல்லின் மேலே கறுப்பாகக் குழி இருக்கும், அது நடு ஜோடியில் ஆறு வயசுவாக்கில் தேயும், அடுத்ததில் ஏழு, ஓரத்தில் எட்டு. அதற்குமேல் போனால் மேல்வரிசை ஓரப்பல்லில் ஒரு கோடு இறங்க ஆரம்பிக்கும், பத்தில் தொடங்கி இருபதில் அடிவரை வரும். எல்லாம் தோராயம்தான். குழியைச் சூடு வைத்துப் புதுசாக்கி வயசைக் குறைக்கிற கைகாரர்களும் உண்டு. எங்கள் செவலையின் வாயைப் பிடித்துக்கொண்டு மாமா கால் மணிநேரம் நின்றார். ஆறு, மிஞ்சினால் ஏழு என்றார். அதில் பொய்யில்லை. 48,000 ரூபாய்க்குத் துண்டை எடுத்தார்கள்.

பல்லைப் பார்த்த நேரத்தில் கால்வாசி காலைப் பார்த்திருக்கலாம். முதல் நாள் மழை பெய்து மண் மெத்தை மாதிரி இருந்தது, அதில்தான் ஓட்டிக் காட்டினார்கள், அழகாகவே ஓடியது. எங்கள் ஊர் எட்டு கிலோமீட்டர், வண்டி எதற்கு என்று நடத்தியே கூட்டி வந்தோம். பாதி வழியில், தார் ரோட்டில், பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் மிரண்டு நாலு எட்டு ஓடியது பாருங்கள், தலை மேலே போய் வந்தது. இடது முன்னங்கால் ரோட்டில் விழுகிற ஒவ்வொரு தடவையும் தலை தூக்கல். வலது கால் விழும்போது இறங்கல். குதிரையின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் நிற்கிறது. வலிக்கிற காலில் அதைப் போடாமல் இருக்கத் தலையைத் தூக்குகிறது, பாவம், அதற்கு நடிக்கத் தெரியாது.

மாமா ரோட்டோரத்தில் நின்று, "மாணிக்கவாசகர் வாங்கின குதிரை ராத்திரியில நரியாச்சு. நமக்குப் பொழுது சாயறதுக்குள்ளயே ஆயிருச்சு மாப்ள" என்றார்.

கால்நடை டாக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, குளம்புக்கு மேலே பின்பக்கத் தசைநாணில் பழைய அடி, அன்றைக்கு வலி தெரியாமல் ஊசி போட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள் என்றார். ஓய்வு கொடுங்கள், பிள்ளைகளை ஏற்றி நடக்கவிடலாம், வண்டியில் மட்டும் பூட்டாதீர்கள் என்றும் சொன்னார். வண்டிக்கு வாங்கின குதிரை. ஒரு வருஷம் கொள்ளும் தவிடும் சோளத்தட்டும் தின்றுகொண்டு தோட்டத்து வேப்பமரத்தடியில் ராணி மாதிரி நின்றது. மேலே ஈ உட்கார்ந்தால் தோலை மட்டும் சிலிர்க்கும், அந்த ஒரு இடத்தை மட்டும், கையை வைத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கும். நான் அதோடு பழகிவிட்டேன். மாமா பழகவில்லை, தீவனக் கணக்கு அவருடையது.

அடுத்த ஆடியில் மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம். வழியிலேயே சொல்லிவிட்டேன், காலைப் பற்றி மறைக்க மாட்டேன் என்று. "நம்மகிட்ட யாருடா சொன்னா?" என்று மாமா கத்தினார். சரி, அதுவும் நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வந்தார், வேட்டி மடித்துக்கட்டு, கூடப் பேரன். சுழி பார்த்தார், பல் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "ஐயா, இடது முன்னங்கால்ல பழைய அடிங்க. பசங்க ஏறலாம், வண்டி இழுக்காதுங்க" என்றேன். தரகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்த வீட்டுக்குத் தீ வைத்தவனைப் பார்ப்பது மாதிரி. பெரியவர் நிமிர்ந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "காலு கெடக்குது தம்பி. அதைச் சொல்லி எதை மறைக்கறீங்க?" என்றார்.

அதற்கப்புறம் ஒரு மணிநேரம். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார், வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், வாலைத் தூக்கினார், மூக்கில் சளி இருக்கிறதா என்று பார்த்தார், நாலு குளம்பையும் தூக்கிக் குச்சியால் சுரண்டி மோந்து பார்த்தார், பேரனை ஏற்றி நடக்கவிட்டார், பின்னால் போய்க் கைதட்டினார். நான் சொன்ன காலை மட்டும் தொடவே இல்லை. கைமேல் துண்டு விழுந்தது, 37,000-க்கு முடிந்தது. மாமா பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு என்னோடு பேசாமல் நின்றார்.

பெரியவர் பிக்கப் வண்டி கொண்டுவந்திருந்தார். பலகை போட்டார்கள். செவலை பலகையில் ஒரு காலை வைத்து, டங்கென்று சத்தம் வந்ததும் பின்வாங்கியது. இழுத்தால் உட்காரப் பார்க்கிறது. எங்களிடம் இருந்த வரை வண்டி ஏறவேண்டிய வேலையே வந்ததில்லை, எனக்கு எப்படித் தெரியும்? கண்ணைத் துண்டால் கட்டி, பலகைமேல் சாக்கு விரித்து, கொள்ளைக் காட்டி, ஆறு பேர் சேர்ந்து முக்கால் மணிநேரம். கடைசியில் ஏறியது. வேர்த்து வடிந்துகொண்டு இறங்கினேன்.

பெரியவர் பின்கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அதான பார்த்தேன்" என்றார். "வண்டி ஏறாத குதிரைன்னு சொல்லவே இல்லையே தம்பி."

மாமா அப்போதுதான் சிரித்தார்.