மாத்திரையும் ஊசியும்: அக்காவின் மருந்துகளைப் பற்றிய நாட்குறிப்பு

மார்ச் 4, 2025

நீரிழிவுக்கு இன்சுலின் எழுதிக் கொடுக்கப்படும் நாளைப் பலர் தோற்றுப்போன நாளாகவே எண்ணுகிறார்கள். அக்காவும் இன்று அப்படித்தான் எண்ணினாள். சுமார் மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9.2 விழுக்காடாக வந்திருந்தது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, சிட்டாகிளிப்டின் ஆகிய மூன்று மாத்திரைகளையும் இதற்கு மேல் கூட்ட இடமில்லை என்பதால், நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை இரவில் 10 யூனிட் என்று தொடங்கலாம் என மருத்துவர் சொன்னார். "இவ்வளவு காலம் வாயைக் கட்டியும் ஊசிதான் கதி என்றால், நான் என்ன குறை வைத்தேன்?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, அம்மா" என்று தொடங்கி அவர் சொன்னதை எல்லா நோயாளிகளும் கேட்டிருக்க வேண்டும். பிரிட்டனில் 5,102 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு 1998-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், நோய் கண்டறியப்படும் வேளையிலேயே இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதும், எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் அது ஆண்டுக்கு ஆண்டு மேலும் குறைந்துகொண்டே போவதும் தெரியவந்தன. கணையம் கொடுக்க முடியாமல் போனதை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். இன்சுலினைக் 'கடைசிக் கட்டம்' என்று சொல்லி அச்சுறுத்துபவர்கள் செய்யும் தீங்கு சிறியதன்று. அந்தப் பேச்சை நம்பி ஊசியைத் தள்ளிப்போடும் காலத்தில்தான் கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன.

மார்ச் 6

மாத்திரைகளை 'வெள்ளை மாத்திரை', 'சின்ன மாத்திரை' என்று அடையாளம் வைத்து விழுங்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நிறுவனம் மாறினால் நிறமும் மாறும்; அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் மட்டுமே மாறாது. அந்தப் பெயர்களையும், ஒவ்வொன்றும் உடலில் எங்கே வேலை செய்கிறது என்பதையும் இன்று அக்காவுடன் உட்கார்ந்து எழுதினேன்.

மெட்ஃபார்மின் முதன்மையாகக் கல்லீரலில் வேலை செய்கிறது. நாம் உண்ணாத நேரத்திலும் கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. நீரிழிவில் அது அளவுக்கு மீறுகிறது. மெட்ஃபார்மின் அதைக் கட்டுப்படுத்துகிறது. கணையத்தை இது தூண்டுவதில்லை என்பதால், தனியாக எடுக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளுவது அரிது. ஐரோப்பாவில் நாட்டு மருத்துவத்தில் பயன்பட்ட கலேகா என்னும் செடியிலிருந்த குவானிடின் வகைப் பொருளே இதற்கு வழிகாட்டி. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் 1957-இல் நோயாளிகளிடம் இதன் பயனை வெளியிட்டார். ஆனால் அமெரிக்காவில் 1994-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி உயிர்களைப் பறித்ததால் 1970-களில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அந்த அச்சம் இதன்மேலும் விழுந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இரத்தச் சோதனை அறிக்கையில் ஈஜிஎஃப்ஆர்) நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும் என்ற விதிக்கு அந்த அமிலமே காரணம். நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்காவுக்குப் பாதங்களில் மதமதப்பு இருக்கிறது. அதை நீரிழிவின் நரம்புப் பாதிப்பு என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வதால், பி12 சோதனையை நாங்களே கேட்டு வாங்க வேண்டும்.

கிளிமெபிரைடு சல்ஃபோனைல்யூரியா வகையைச் சேர்ந்தது. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது, அவர்களில் சிலருக்குச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்தது. அதன் காரணத்தை ஓகுஸ்த் லூபத்தியேர் தேடியதிலிருந்து இந்த வகை பிறந்தது. இவை பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயில்களை மூடி, இன்சுலினை வெளியே தள்ள வைக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று இவை பார்ப்பதில்லை. எனவே, இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போடக் கூடாது.

சிட்டாகிளிப்டின் அப்படியன்று. உணவு உண்டதும் குடலிலிருந்து சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனை டிபிபி-4 நொதி ஓரிரு நிமிடங்களில் சிதைத்துவிடுகிறது; அந்த நொதியைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. சர்க்கரை உயர்ந்திருக்கும்போது மட்டுமே அந்த ஹார்மோன் இன்சுலினைத் தூண்டும் என்பதால் இது சாதுவான மருந்து. அதன் பலனும் மிதமானதே.

மார்ச் 9

இன்சுலினை ஏன் மாத்திரையாகத் தர முடியாது என்று அக்கா கேட்டாள். அது ஒரு புரதம். விழுங்கினால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துப்போகும். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டதிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே கொடுத்து வருவதற்கு இதுதான் காரணம். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த அந்த முதல் சாறு தூய்மையாக இல்லாததால் ஒவ்வாமை ஏற்பட்டது. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அதைத் தூய்மைப்படுத்தித் தந்த பிறகு, 12 நாள் கழித்துப் போட்ட ஊசியே அந்தச் சிறுவனைக் காப்பாற்றியது. 1982 முதல், பாக்டீரியாவைக் கொண்டு உருவாக்கிய மனித இன்சுலின் கிடைக்கிறது.

மார்ச் 11

இன்சுலின்களைப் பெயரைக் கொண்டு மனப்பாடம் செய்வதைவிட நேரத்தைக் கொண்டு புரிந்துகொள்வதே மேல். எல்லாம் ஒரே ஹார்மோனின் வடிவங்கள்தான். எப்போது தொடங்கும், எப்போது உச்சமடையும், எப்போது அடங்கும் என்பதில்தான் வேறுபாடு. உடலே இரண்டு விதமாகத்தான் இன்சுலினைச் சுரக்கிறது: இரவும் பகலும் சிறிதளவாக ஒன்று, உணவுக்கு ஏற்பப் பெருக்காக இன்னொன்று. இவற்றில் எதை ஈடுசெய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தே மருத்துவர் வகையைத் தேர்கிறார்.

பழைய ரெகுலர் இன்சுலின் தெளிந்த நீர்மம். அதன் மூலக்கூறுகள் ஆறாறாகச் சேர்ந்து நிற்கின்றன. தோலுக்கு அடியில் அவை ஒவ்வொன்றாகப் பிரிந்த பிறகே இரத்தத்தில் கலக்க முடியும். உணவுக்கு அரை மணி நேரம் முன்பாகப் போடச் சொல்வது அதனால்தான். 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சமடைந்து, 8 மணி நேரம் வரைகூட நீடிக்கும். 1996-இல் வந்த லிஸ்ப்ரோவில், சங்கிலியின் கடைசிப் பக்கத்திலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சிறு மாற்றத்தால் மூலக்கூறுகள் விரைவில் பிரிகின்றன. 15 நிமிடத்தில் வேலை தொடங்குகிறது. 3 முதல் 5 மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. அஸ்பார்ட், குளுலிசின் ஆகியவையும் இந்த விரைவு வகையே.

புரோட்டமின் என்னும் புரதத்தைச் சேர்த்து வேகம் குறைக்கப்பட்ட என்பிஎச் இன்சுலின் கலங்கலாக இருக்கும். அதைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்டி ஒரே சீராகக் கலந்த பிறகே எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் கூடுதலாகவும் மருந்து போகும். அதற்கு ஓர் உச்சம் உண்டு. இரவில் போட்டால் அந்த உச்சம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வந்து, தூக்கத்திலேயே சர்க்கரை தாழக்கூடும். 30/70 என்று குறித்த கலப்பு வகையில் 30 விழுக்காடு ரெகுலரும் 70 விழுக்காடு என்பிஎச்-உம் சேர்ந்திருக்கும். ஊசிகளின் எண்ணிக்கை குறைவது அதன் வசதி. உணவு நேரத்தை மாற்ற இடம் தராதது அதன் கெடுபிடி.

அக்காவுக்கு எழுதிய கிளார்ஜின் குப்பியில் அமிலத் தன்மையுடன் தெளிவாக இருக்கிறது. தோலுக்கு அடியில் அமிலத் தன்மை நீங்கியதும் நுண்ணிய படிவுகளாக மாறி, உப்புக்கல் கரைவதுபோலச் சிறிது சிறிதாகக் கரைந்து, ஏறக்குறைய 24 மணி நேரம் பெரிய உச்சமின்றி வேலை செய்கிறது. இதை வேறு இன்சுலினுடன் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. டெக்லுடெக் 40 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். ஒரு முக்கியமான எச்சரிக்கையை இங்கே எழுதி வைக்கிறேன்: கிளார்ஜினும் தெளிந்த நீர்மம், விரைவு வகையும் தெளிந்த நீர்மம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு முறையும் பெயரைப் படித்தே ஆக வேண்டும்.

மார்ச் 15

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. திறந்த கிளார்ஜினை 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் 100 யூனிட் உள்ள குப்பிகளும் உலகில் புழங்குவதால், குப்பிக்குப் பொருந்தும் சிரிஞ்சையே வாங்க வேண்டும். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உடலுக்குள் போய்விடும். இந்தக் கவலையைத் தவிர்க்கவே அக்காவுக்குப் பேனா வடிவ இன்சுலின் ஊசியைத் தேர்ந்தோம்.

ஊசி போடும் இடத்தை ஒவ்வொரு முறையும் விரல் அகலமாவது தள்ளி மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் வலி குறைகிறது என்று பலர் அங்கேயே போடுகிறார்கள். அங்கே கொழுப்புக் கட்டி உருவாகி, மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாமல் போகும். சர்க்கரை ஏறுகிறதே என்று மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், ஊசி போடும் வயிற்றுப் பகுதியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நல்லது.

மார்ச் 19

மதிய உணவு தாமதமானதால் அக்காவுக்கு வியர்த்துக் கை நடுங்கியது. சர்க்கரை 62 இருந்தது. 70-க்குக் கீழ் இறங்கினாலே செயல்பட வேண்டும் என்பதால், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தோம், 94. பிறகு உணவு உண்டாள். புதிய இன்சுலின்மீது பழி போடத் தோன்றினாலும், பகலில் உணவு தாமதமானபோது இறக்கியதில் கிளிமெபிரைடுக்கே பெரும்பங்கு இருந்திருக்கும் என்று மருத்துவர் தொலைபேசியில் விளக்கி, அதைப் பாதியாகக் குறைத்தார். இன்சுலின் சேரும்போது சல்ஃபோனைல்யூரியாவைக் குறைப்பதோ நிறுத்துவதோ வழக்கம்தான்.

அகார்போஸ் என்னும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படித் தாழ்ந்தால் வீட்டுச் சர்க்கரை விரைவாகப் பயன்படாது. குடலில் அதை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுப்பதால், குளுக்கோஸாகவே கொடுக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களிடம் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வையே எஞ்சும் அறிகுறி.

ஏப்ரல் 2

பி12 சரியாக இருக்கிறது. ஆனால் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிவது தெரிகிறது; அது சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி. எனவே எம்பாகிளிஃப்ளோசின் சேர்க்கப்பட்டது. சிறுநீரகம் நாள்தோறும் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அதை முழுவதுமாக மீட்டுக்கொள்கிறது. அந்த மீட்பின் பெரும்பகுதியைச் செய்யும் எஸ்ஜிஎல்டி2 என்னும் கடத்தியை இம்மருந்து தடுப்பதால், சர்க்கரை சிறுநீரில் வெளியேறுகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளில் தொடங்கிய நெடிய தேடலின் விளைவு இது. இதய நோயுள்ளவர்களிடம் மரணத்தைக் குறைக்கிறது என்று 2015-இல் தெரிந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் சிறுநீரகத்துக்கும் நன்மையைக் காட்டின. சர்க்கரையை மட்டும் பார்த்து மருந்து தேர்ந்த காலம் போய், உறுப்பைக் காக்கும் மருந்தைத் தேரும் காலம் வந்திருப்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருக்கிறது.

பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும் என்பதால் தூய்மை தேவை. வாந்தி, பேதி, உணவு எடுக்க முடியாத காய்ச்சல் ஆகியவற்றின்போது இதை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். உடல் கொழுப்பை எரிப்பதால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் ஆபத்து அப்போதுதான் அதிகம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக உயராமலே அது நேரலாம் என்பதால் கவனம் தப்பிவிடும். இந்த நாட்களில் இன்சுலினை மட்டும் நாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

ஏப்ரல் 20

காலை வெறும் வயிற்று அளவைப் பார்த்து மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டி, கிளார்ஜின் 22 யூனிட்டில் நிற்கிறது. காலையில் 110-க்கும் 125-க்கும் இடையே வருகிறது. ஆனால் இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 210 வரை போகிறது. கிளார்ஜினை இன்னும் கூட்டலாமா என்று கேட்டேன். அது உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைப் பிடிக்காது, விடியலில் சர்க்கரையைத் தாழ்த்தவே செய்யும் என்று மருத்துவர் மறுத்தார். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசியை முதலில் பார்க்கலாம் என்றும், அது போதவில்லை என்றால் பெரிய உணவுக்கு முன் 4 யூனிட் லிஸ்ப்ரோ சேர்க்கலாம் என்றும் சொன்னார். "அந்த ஊசி வந்தால் மாத்திரையில் ஏதாவது குறையுமா?" என்று அக்கா உடனே கேட்டாள். சிட்டாகிளிப்டின் குறையும் என்றார் மருத்துவர்: செமாகுளுடைடும் அதுவும் ஒரே ஜிஎல்பி-1 வழியில் வேலை செய்வதால், இரண்டையும் சேர்த்து எடுப்பதில் கூடுதல் பலன் இல்லை. அடுத்த சந்திப்புக்குள் மூன்று வேளையும் உணவுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் பின்னும் பார்த்த அளவுகளைச் சோடி சோடியாக எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நாளை காலை உணவிலிருந்து தொடங்குகிறோம்.