சபைப் பட்டியலில் இல்லாதவன்

ஜெர்மனிக்கு வந்து இறங்குகிறவனுக்கு முதல் வேலை வீடு பிடிப்பது. அடுத்தது, குடியேறிய 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்துக்குப் போய், இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று பதிந்துகொள்வது. அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கு, வரி எண், சம்பளம் என்று எதுவும் ஒழுங்காக நகராது. லைப்சிக் நகரில் எனக்கு முன்பே குடியேறியிருந்த சேலத்துக்காரர் ஒருவர்தான் எனக்கு எல்லாவற்றுக்கும் வழிகாட்டி. பச்சை மிளகாய் எந்தக் கடையில் கிடைக்கும், எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்த பாடங்கள். பதிவுக்குப் போகிற அன்று காலையில் போன் செய்தார். "தம்பி, மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கோடு போட்டுவிடுங்கள். கிறிஸ்தவர் என்று எழுதினால் மாதாமாதம் காசு போகும்."

அவர் சொன்னது கதையல்ல. இங்கே கத்தோலிக்கச் சபைக்கும் புராட்டஸ்டண்ட் சபைக்கும் தங்கள் உறுப்பினர்களிடம் வரி வாங்க உரிமை உண்டு. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த பிரிவு அது. 1949இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம், அதாவது இன்றைய அரசியல் சட்டம், அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சபைக்காக வசூலித்துத் தருவது அரசின் வரித்துறை. நாம் கட்டுகிற வருமான வரியில் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். சம்பளத்தில் 9 அல்ல, வரியில் 9 என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். என் விஷயத்தில் மாத வருமான வரி 700 யூரோவை ஒட்டி வந்தது. சபைக்கு 63 யூரோ. அன்றைய நம் கணக்கில் ஐந்தாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

அலுவலகத்தில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர், பிறந்த இடம், திருமணமானவரா. பிறகு, "மதம்?" என்றார். விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. என் கழுத்தில் அம்மா போட்டு அனுப்பிய சிலுவைச் சங்கிலி சட்டைக்கு உள்ளே கிடந்தது. "எதுவும் இல்லை" என்றேன். அவர் ஒரு விசையைத் தட்டினார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது சேவலாவது கூவியது. எனக்கு அச்சு இயந்திரம்தான் இரண்டு தடவை இருமிவிட்டு ஒரு தாளைத் துப்பியது.

அன்று மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் அது இன்னொரு பொய். உறுத்தவில்லை. 63 யூரோ மிச்சம் என்ற சந்தோஷத்தோடு டிராம் ஏறினேன். சமாதானம் சொல்லிக்கொள்ளக் காரணங்களுக்கா பஞ்சம்? அரசாங்கம் பிடித்துக் கொடுப்பதற்குக் காணிக்கை என்று எப்படிப் பெயர்? இரண்டு சபைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் இந்த வழியில் போகிறது, என் 63 இல்லாமல் எந்தக் கோபுரம் சாய்ந்துவிடும்? நம் ஊர்த் திருமண்டலத் (சபைகளின் மாவட்ட நிர்வாகம்) தேர்தல்களைக் கண்ணால் பார்த்தவனுக்குச் சபை நிர்வாகத்தின் மேல் பெரிய பக்தி இருக்கவும் வாய்ப்பில்லை. "உன் நம்பிக்கை உன் மனதில் இருந்தால் போதாதா" என்ற வாக்கியம் இந்த நாட்டில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதை நான் மிக வேகமாகக் கற்றுக்கொண்டேன். ஜெர்மன் இலக்கணம்கூட அவ்வளவு வேகமாக வரவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம், நாசரேத்துக்கு அருகில் பிறந்தவன். தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு பித்தளைச் செம்பில் போடுவார். கைப்பிடி அரிசி என்று பெயர். சேர்த்து வைத்து ஆலயத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும் நாட்களிலும் அந்தக் கை செம்புக்குப் போய்விட்டுத்தான் உலைக்கு வரும். கை மட்டும் கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். சங்கக் காணிக்கை பாக்கி வைத்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன், மதம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறே ஆலயம் தேடிப் போனேன். அதில் இருந்த வேடிக்கை எனக்கு அப்போது புரியவில்லை.

லைப்சிக் சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. பழைய கிழக்கு ஜெர்மனி. இசையமைப்பாளர் பாஹ் 27 ஆண்டுகள் இசைப் பணி செய்த தோமா ஆலயம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சபையில் உறுப்பினர். நான் போன பேட்டை ஆலயத்தில் முந்நூறு பேர் உட்காரலாம். இருந்தது பத்துப் பதினைந்து பேர், முக்கால்வாசி நரைத்த தலைகள். பலகையில் பாட்டு எண்களைச் செருகி வைத்திருப்பார்கள். ஆர்கன் முதல் வரியை வாசித்ததும் வார்த்தை தெரியாமலே நெஞ்சு அடையாளம் கண்டுகொண்டது. எங்கள் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இருக்கும் மெட்டு! தமிழில் முணுமுணுத்துக்கொண்டே பாடினேன்.

வேலை பார்க்கும் அலுவலகத்தில் திங்கட்கிழமை வேறு மாதிரி. ஞாயிறு என்ன செய்தாய் என்று கேட்டால், "நடக்கப் போனேன்" என்பேன். ஆலயத்துக்கு நடந்துதானே போனேன்!

அந்த நரைத்த தலைகளில் ஒருவர் 1944இல் பிறந்த அம்மையார். ஆராதனை முடிந்து காபி ஊற்றித் தருகிற வேலையை அவரே வைத்துக்கொண்டிருந்தார். அவர் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. காபிக்குக் காபி துண்டு துண்டாகக் கிடைத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இளையோர் உறுதியேற்பு என்று ஒரு சடங்கு உண்டு. பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்கிற நம் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போட்டியாக அரசு ஊக்குவித்தது. வகுப்பே மேடையேறி சோசலிசத்துக்கு வாக்குக் கொடுக்கும். 1958இல் அவர் முடியாது என்றுவிட்டார். அதற்குப் பிறகு மேல்நிலைப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டராக ஆசைப்பட்டவர் சபை மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார். "மேடையில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்" என்றார், சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளியபடி. "என் தோழிகள் சொன்னார்கள். நல்ல பெண்கள்தான். சிலர் டாக்டர் ஆனார்கள்." குரலில் கசப்பும் இல்லை, பெருமையும் இல்லை. 1989 அக்டோபர் 9 அன்று நிக்கோலாய் ஆலய ஜெபத்துக்குப் பிறகு அந்த ஆட்சிக்கு எதிராக ஊர்வலம் போன ஏறக்குறைய 70,000 பேரில் தானும் ஒருத்தி என்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

சபைச் செய்தி மடலை உறுப்பினர் வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் அவர்தான். 2019 லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு ஞாயிறு, கையில் ஒரு பட்டியலோடு என்னிடம் வந்தார். "உங்கள் தெருவில் உங்கள் பெயர் இல்லையே. நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்."

"விடுபட்டிருக்கும்" என்றேன்.

"அலுவலகத்துக்காரர்கள் இப்படித்தான்" என்று தலையை ஆட்டிவிட்டு, கைவசம் மிச்சமிருந்த மடல் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

நகர அலுவலகத்தில் சொன்ன பொய் சட்டைப்பையில் இருந்த சில்லறைபோல அதுவரை சத்தம் போடாமல் கிடந்தது. அன்று டிராமில் உட்கார முடியவில்லை, இறங்கி நடந்தேன். நடக்கும்போது நினைவுக்கு வந்தவர் அந்த அம்மையார்கூட இல்லை, எங்கள் தெரு அண்ணன் ஒருவர். ஆலயத்தில் அவருக்கு ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு பெயர். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. மதம் மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போக வேண்டும். ஊர்க் கிணற்றடியில் மட்டும் யாரும் அவரை வேறு பட்டியலுக்கு மாற்றவில்லை. காகிதத்தில் இந்துவாகவே இருந்துதான் அந்த அண்ணன் படித்தார், வேலைக்குப் போனார், இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார். பதினெட்டு வயதில் நான் வாலிபர் கூடுகையில் "இரட்டை வாழ்க்கை" என்று ஒரு செய்தி கொடுத்தேன். காகிதத்தில் ஒன்று, பீடத்துக்கு முன் ஒன்றா என்று முழங்கினேன். அண்ணன் பின்வரிசையில் இருந்தார். முடிந்ததும் வந்து, "நன்றாகப் பேசினாய், தம்பி" என்று கைகொடுத்தார்.

அவர் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு குடும்பமும் ஒரு நூற்றாண்டுக் கொடுமையும் நின்றன. நான் சொன்ன "எதுவும் இல்லை"க்குப் பின்னால் 63 யூரோ.

இடையில் ஒரு சனிக்கிழமை ஹாலேக்குப் போனேன். லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரைமணி நேரச் சொச்சம்தான். பிராங்கே அறநிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இதே சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார் என்பது எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாட்டு வேலைக்கு முதலில் அனுப்பிய தமிழ் எழுத்துகளை வார்த்தது ஹாலேயில். ஜெர்மானிய விசுவாசிகள் கொடுத்த காணிக்கையாலும் நடந்த ஊழியம். முகம் தெரியாத யாரோ ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து ஒரு காபி வாங்கினேன். நாலு யூரோ. அதற்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். இங்கே ஐயர் ஒரு பெண், என்னைவிட இளையவர். ஞானஸ்நானச் சான்றின் நகலை அப்பாவிடம் வாங்கி அவரிடம் காட்டினேன். "தென்னிந்தியத் திருச்சபை" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், கான்கிரிகேஷனல் எல்லாம் 1947இல் ஒன்றாகச் சேர்ந்த கதையைச் சொன்னதும் ஆச்சரியப்பட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் உபதேசம் செய்யவில்லை. படிவம் ஒன்றை எடுத்தார். "வரி போகும், தெரியும்தானே? பலர் இதற்காகத்தான் விலகுகிறார்கள்" என்றார், மழை பெய்கிறது என்கிற தொனியில். அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர், "அரசாங்கம் பிடிக்கிறதா? அப்படியானால் அது காணிக்கையில் சேராது. உன் தசமபாகத்தைத் தனியாக எடுத்து வை" என்றார். என் அப்பாவோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை.

சம்பளச் சீட்டில் புதிய வரி வந்தது. முதல் மாதம் அதைப் பார்த்து வலித்தது; இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது. அரசு வசூலிக்கும் இந்த முறை சரி என்று எனக்கு இன்றும் படவில்லை; அதைப் பற்றி இங்கே சபைக்குள்ளேயே வாதம் நடக்கிறது, நானும் கலந்துகொள்கிறேன். திங்கட்கிழமைகளில், "ஆலயத்துக்குப் போனேன்" என்கிறேன். சக ஊழியர் ஒருவர், "நிஜமாகவே நம்புகிறாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உருளைக்கிழங்கைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

ஒரு பாக்கி இருந்தது. ஜூன் மாதம் அம்மையார் மடல் கட்டோடு வந்து, "பாருங்கள், கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள்!" என்று பட்டியலில் என் பெயரைத் தொட்டுக் காட்டினார். இரண்டு எழுத்துப் பிழை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், அலுவலகத்தின் தவறு இல்லை, நான்தான் மதம் இல்லை என்று பதியவைத்தேன், பணத்துக்காக, பிறகு உங்களிடமும் பொய் சொன்னேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். இறந்தகால வினைகள் எல்லாம் தவறாகத்தான் வந்திருக்கும்.

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பட்டியலை மறுபடி பார்த்தார். பிறகு கட்டிலிருந்து எண்ணி எண்ணி ஒன்பது மடல்களை எடுத்தார்.

"உங்கள் தெருவில் ஒன்பது வீடு. இனி நீங்களே போட்டுவிடுங்கள். அங்கே ஒரு கட்டடத்தில் தபால் பெட்டிகள் மூன்றாம் மாடியில் இருக்கின்றன, என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை."