பாஸ் கையில் இருந்தும் ரிசர்வேஷனுக்குக் காசு

அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக, அதாவது ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ் என்றால் அவருக்கு ஊழியர்களுக்குக் கிடைக்கும் இலவசப் பாஸ்தான். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கி ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று நான் சொன்னதும், "அங்கேயும் நமக்குப் பாஸ் தர்றாங்களா கண்ணு?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். விலையைச் சொன்னேன். மறுபடி சாய்ந்துகொண்டார்.

எங்கள் ஊர் மீனாட்சிபுரம். வீடு கேரளத்தில், கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. எல்லை தாண்டுவது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. அந்தத் தைரியத்தில்தான் 9 நாடுகள் என்று முதல் திட்டத்தைப் போட்டேன். அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ரயில் நேரங்களை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தூங்கறது எப்போ?" என்றார்.

பக்கத்து ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவர், "பாஸ் எடுத்துட்டா 33 நாட்டுல எந்த ரயில்லயும் ஏறிக்கலாங்க" என்றிருந்தார். 33 நாடு என்பது சரி. எந்த ரயிலிலும் என்பதுதான் தப்பு. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் பாஸுக்கு மேல் தனியாகப் பணம் கட்டி ரிசர்வேஷன் செய்ய வேண்டும். டிஜிவியில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடமும் குறைவு. நான் பார்த்தபோது இத்தாலியில் ஆளுக்கு 13 யூரோ. "பாஸ் இருந்துமா ரிசர்வேஷனுக்குக் காசு?" என்று அப்பா இரண்டு நாள் புலம்பினார். பாரிஸைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டோம். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான ரயில்களில் சும்மா ஏறி உட்காரலாம். திட்டம் தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

அப்புறம்தான் நாடுகளை விட்டுவிட்டு நாட்களை எண்ண ஆரம்பித்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 பயண நாட்கள் என்று பாஸ் கிடைக்கிறது. தொடர்ச்சியாக 15 நாள், 22 நாள் என்றும் உண்டு. ஒரு பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் மாறினாலும் ஒரு நாள்தான். இரவு ரயில் என்றால் ஏறிய நாள் மட்டும் கணக்கு, நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயில் மாறாத வரை. நள்ளிரவு தாண்டி 12.10 மணி ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாக மூட்டை முடிச்சோடு வந்து நிற்பவர்களை வேலைக்காலம் முழுக்கப் பார்த்த அப்பாவுக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது.

கடைசியில் 5 நாள் பாஸ். வியன்னா–சால்ஸ்பர்க் ஒன்று. சால்ஸ்பர்க்–சூரிச் இரண்டு, வழியில் லிக்டென்ஸ்டைன் நாட்டை நிற்காமலே கடந்துவிடுகிறது. சூரிச்சிலிருந்து லூசெர்ன் போய் இன்டர்லாகனைப் பார்த்துத் திரும்புவது மூன்று. சூரிச்சிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி மிலான் வரை ஒரே நாளில், நான்கு. வெனிஸ்–வியன்னா இரவு ரயில் ஐந்து. மிலான்–வெனிஸுக்கு மட்டும் தனி டிக்கெட். ஒரு பயண நாளைச் செலவழிப்பதைவிட அது மலிவு. உண்மையைச் சொன்னால், எல்லா டிக்கெட்டையும் மாதக்கணக்கில் முன்னாடியே வாங்கியிருந்தால் பாஸைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும். ஆனால் அப்பாவோடு போகும்போது, "இன்னைக்கு முட்டி வலிக்குது, நாளைக்குப் போலாம்" என்று சொல்லும் உரிமைக்கு விலை உண்டு.

இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதற்குக் கொச்சி போனோம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு ஆஸ்திரியா. 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. விசா வந்த பிறகே பாஸ் வாங்கினேன். அதைப் பயன்படுத்தத் தொடங்க 11 மாத அவகாசம் உண்டு, அவசரமில்லை. 60 வயது தாண்டியதால் அப்பாவுக்குப் பத்து சதவீதம் குறைந்தது.

வாங்கும்போது பெயரில் சிக்கினேன். பாஸ்போர்ட்டில் அப்பாவின் இனிஷியல் விரிந்து தாத்தா பெயராக நிற்கிறது. நான் பழக்கதோஷத்தில் இனிஷியலோடு அடித்துவிட்டேன். பாஸில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். பணம் கட்டும் பக்கம் வரை போய்த் திரும்பி வந்து திருத்தினேன்.

நான்காம் பயண நாளான சூரிச்–மிலானுக்காகத்தான் அப்பா காத்திருந்தார். வழியில் சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகும் மலைப்பாதை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் என்று சொன்னபோது முதலில் நம்பவில்லை. எங்கள் பொள்ளாச்சி–பாலக்காடு பாதையும் மீட்டர் கேஜாக இருந்ததுதான். 2008இல் மூடி, 2015இல் பிராட் கேஜாகத் திறந்தார்கள். அப்பாவுக்கு அடுத்த சந்தேகம்: "பதினாலு அடிக்கு ஒரு அடி ஏத்தம்ங்கறே. பல்சக்கரம் இல்லாமயா? நம்ம ஊட்டி ரயிலுக்கே வேணுமே!" அந்தப் பாதையில் ஓடும் சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு ரிசர்வேஷன் கட்டாயம், அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு வேண்டாம். அதிலேயே ஏறினோம். சில பெட்டிகளில் ஜன்னலையும் இறக்கலாம்.

2,253 மீட்டர் உயரத்தில் ஒஸ்பிட்சியோ பெர்னினா ஸ்டேஷன். சுற்றிலும் பனி. அப்பா அதைப் பார்க்கவில்லை. குளிரில் விரல் நடுங்க, தண்டவாளங்கள் பிரியும் இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புருசியோவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ரயில் வட்டமடித்து இறங்கியபோது மட்டும் என் கையைப் பிடித்தார். திரானோவில் இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார். நாங்கள் போட்ட நேரத்துக்குப் பக்கத்தில், ஸ்டேஷன் ரெஜிஸ்டரில் எழுதுவதுபோல, "ரைட் டைம்" என்று எழுதி மடித்து வைத்துக்கொண்டார்.